லண்டன் மியூசியங்கள் பார்த்தாச்சு. இங்கிலாந்தில் அடுத்து எங்கே போகலாம்?

ரெடிங் குமரன் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். வேலை விஷயமாகக் குடும்பத்தோடு ரெடிங்கில் இருக்கிறோம். ஆகஸ்ட் கடைசியில் கிளம்பிவிடுவோம். குளிர்காலம் முழுக்க லண்டனுக்குப் போய் வந்ததில் பிரிட்டிஷ் மியூசியம், நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியம், டவர், கிரீனிச் எல்லாம் பார்த்தாகிவிட்டது. நன்றாகத்தான் இருந்தன. ஆனால் எங்கே போனாலும் கூட்டம், கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்குக் கீழே ஒரு சின்ன அட்டை. போன வாரம் பத்து வயது மகள் கேட்டாள்: "இந்த நாட்டுக்காரர்கள் இங்கேயே செய்தது எதுவும் இல்லையாப்பா?" எகிப்து, கிரீஸ், அசீரியா என்று வரிசையாகப் பார்த்த பிள்ளைக்கு அப்படித் தோன்றியதில் நியாயம் இருக்கிறது.

அதனால்தான் இங்கே கேட்கிறேன். பிரிட்டனின் சொந்தக் கலை, இயற்கை, அறிவியல், பழமை, இதில் இரண்டு மூன்றாவது ஒரே இடத்தில் சேர்ந்து கிடைக்கிற மாதிரி எங்கே போகலாம்? ஸ்டோன்ஹெஞ்ச் ஏற்கெனவே திட்டத்தில் இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். மகள் எந்நேரமும் வரைந்துகொண்டே இருப்பவள்; பூச்சி, பறவை என்றால் உயிர். மனைவி மரக்கட்டை செதுக்கித் துணியில் அச்சு போடுவாள். எனக்கு ஒரு விஷயம் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் நிம்மதி. ஏப்ரலிலிருந்து ஜூலைக்குள் வார இறுதிகளில் போகலாம், வாடகைக் கார் எடுத்துக்கொள்வோம்.

மேகலா

வணக்கம் குமரன். உங்கள் மனைவிக்காக முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கெல்ம்ஸ்காட் மேனர். ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் மேற்கு ஓரத்தில், தேம்ஸ் இன்னும் சின்ன ஆறாக ஓடுகிற இடத்தில் இருக்கிற பழைய கல் வீடு. துணி வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸ் 1871இல் இதை வாடகைக்கு எடுத்து, 1896இல் இறக்கும் வரை கோடை வீடாக வைத்திருந்தார். அவருடைய துணி வடிவங்களிலேயே அதிகம் பேருக்குத் தெரிந்த "ஸ்ட்ராபெரி தீஃப்" இந்தத் தோட்டத்தில் பிறந்ததுதான். த்ரஷ் பறவைகள் பாத்தியில் புகுந்து பழத்தைக் கொத்திக்கொண்டு போனதைப் பார்த்து 1883இல் வரைந்தார்.

கட்டை அச்சு தெரிந்தவருக்கு அதன் செய்முறை ரொம்பப் பிடிக்கும். வெள்ளைத் துணியில் நீலத்தை அச்சிடவில்லை. துணி முழுவதையும் முதலில் அவுரித் தொட்டியில் முக்கி நீலமாக்கிவிடுவார்கள். அப்புறம் எங்கே வெள்ளை வேண்டுமோ, எங்கே வெளிர் நீலம் வேண்டுமோ அங்கே மட்டும் நிறத்தை எடுக்கிற கலவையைக் கட்டையால் ஒற்றி, நீலத்தை வெளியேற்றுவார்கள். சிவப்பும் மஞ்சளும் அதற்குப் பிறகுதான். ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் துவைத்துக் காயவைக்க வேண்டும், நாள்கணக்கில் இழுக்கும் வேலை. லண்டனுக்குத் தெற்கே மெர்ட்டன் ஆபியில், ஆற்றங்கரையில் பட்டறை போட்டு இதைச் செய்தார்.

வீடு வருடம் முழுக்கத் திறந்திருக்காது. வசந்தத்திலிருந்து இலையுதிர்காலம் வரை சில நாட்கள் மட்டும்தான், இணையதளத்தில் தேதி பார்த்துவிட்டுப் போங்கள். மாரிஸின் கல்லறை ஊர் சர்ச் வளாகத்திலேயே இருக்கிறது.

செல்வி (ஸ்விண்டன்)

குமரன் தம்பி, உங்கள் மகளின் கேள்விக்கு நேர் பதில் ஒன்று இருக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அஃபிங்டன் வெள்ளைக் குதிரை.

ரிட்ஜ்வே என்கிற பழம்பாதை போகும் மேட்டில், புல் மூடிய சரிவில், சுமார் 110 மீட்டர் நீளத்துக்கு ஒரு குதிரை ஓடுகிறது. முதுகு ஒரே வீச்சில் வளைந்து வாலாகிவிடும். கால்களில் இரண்டு உடம்பிலேயே ஒட்டாது. மூஞ்சி பறவை அலகு மாதிரி இருக்கும். நேற்று யாரோ தூரிகையில் இழுத்தது போலத்தான் தெரியும். ஆனால் அதற்கு ஏறத்தாழ மூவாயிரம் வயது.

ரொம்ப நாள் இதைச் சாக்ஸன்கள் செய்ததாகத்தான் நினைத்தார்கள். 871இல் டேனியர்களைத் தோற்கடித்த ஆல்ஃபிரட் அரசர் வெற்றிச் சின்னமாக வெட்டியது என்று ஊரில் கதை. 1990களில் ஆக்ஸ்ஃபோர்டு தொல்லியலாளர்கள் தோண்டிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. எப்படி என்று நீங்கள் நிச்சயம் கேட்பீர்கள், அதனால் சொல்கிறேன். மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் துகள், புதைந்து கிடக்கும் காலம் முழுக்கச் சுற்றியுள்ள இயற்கைக் கதிரியக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றலைச் சேர்த்துக்கொள்ளும். வெயில் பட்டால் அந்தச் சேமிப்பு காலியாகிவிடும். ஆகவே வெளிச்சம் படாமல் மண்ணை எடுத்து, இருட்டறையில் வைத்து அதன்மேல் ஒளி பாய்ச்சினால், துகள் மங்கலாக மினுக்கும். மினுக்கம் எவ்வளவு என்று அளந்தால், கடைசியாக அது எப்போது வெயிலைப் பார்த்தது என்று கணக்கிடலாம். குதிரையின் அடிமண்ணுக்கு வந்த விடை கி.மு. 1380க்கும் கி.மு. 550க்கும் இடையில். ஆல்ஃபிரடுக்கு ஆயிரம் வருடத்துக்கு மேல் முந்தையது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான்: வயதைவிட, இது இன்னும் இருக்கிறது என்பதுதான் பெரிய விஷயம். மலையின் வெண்மை தானாக வெளியே தெரிந்து உண்டான உருவம் இல்லை இது. ஒரு மீட்டர் ஆழம் வரை பள்ளம் வெட்டி, அதில் நொறுக்கிய சீமைச்சுண்ணாம்பை இட்டு நிரப்பியிருக்கிறார்கள். கவனிக்காமல் விட்டால் ஓரத்துப் புல் உள்ளே நகரும், மேலிருந்து மண் வழிந்து மூடும். இருபது முப்பது வருடத்தில் மேட்டோடு மேடாகிவிடும். அப்படியென்றால் மூவாயிரம் வருடத்தில் எந்தத் தலைமுறையும் இதை முழுசாகக் கைவிட்டதில்லை. ரோமானியர்கள் வந்து போனார்கள், சாக்ஸன்கள் வந்தார்கள், மொழி மாறியது, சாமி மாறியது, ஏன் வெட்டினார்கள் என்பதே மறந்துபோனது. ஆனாலும் யாரோ மேலே ஏறிப்போய்க் களை பறித்திருக்கிறார்கள். பிற்காலத்தில் அந்த வேலை ஊர்த் திருவிழாவாகவே நடந்தது. மல்யுத்தம் உண்டு, பாலாடைக்கட்டி வட்டை அடிவாரப் பள்ளத்துக்கு உருட்டிவிட்டுத் துரத்துகிற பந்தயமும் உண்டு. 1857இல் நடந்தது பெரிய விழா.

இப்போது அதை நேஷனல் டிரஸ்ட் (பழைய இடங்களைப் பராமரிக்கும் அறக்கட்டளை) செய்கிறது. கோடையில் தொண்டர்களைக் கூப்பிடுவார்கள், நானும் போவேன். முழங்காலுக்கு ஒரு மெத்தை, கையில் சுத்தியல், பக்கத்தில் ஒரு வாளி சுண்ணாம்புக் கட்டிகள். உங்களுக்கு என்று ஒரு துண்டு ஒதுக்குவார்கள்; கழுத்தில் ஒரு முழம், காலில் ஒரு முழம் என்று. முதலில் முளைத்திருக்கிற புல்லை வேரோடு பிடுங்க வேண்டும். பழைய பரப்பு மழையில் அடிபட்டுச் சாம்பல் நிறத்தில் கிடக்கும். அதன்மேல் புதுக் கட்டிகளைக் கொட்டி, அவை பொடியாகி, பொடியும் இறுகி மாவு போலப் படியும் வரை தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சுத்தியலைத் தூக்கும்போது அடியில் வெள்ளை ஒட்டிக்கொண்டு வரும். அதுதான் பதம். சுற்றிலும் ஐம்பது அறுபது சுத்தியல்கள் ஒரே நேரத்தில் தட்டுகிற சத்தம், மேலே வானம்பாடி விடாமல் பாடுகிற சத்தம். பக்கத்தில் இருப்பவர் யார் என்றே தெரியாது, ஆனால் அவர் துண்டும் உங்கள் துண்டும் சேருகிற இடத்தை இரண்டு பேரும் சேர்ந்துதான் தட்டிச் சமன்படுத்த வேண்டும்.

அங்கே உட்கார்ந்திருக்கும்போது குதிரையே தெரியாது! ஒரு வெள்ளைப் பாதை வளைந்து போகிறது, அவ்வளவுதான். முழு உருவம் வேண்டுமென்றால் வடக்கே பள்ளத்தாக்கில் இறங்கி, லாங்காட், ஃபெர்ன்ஹாம் ஊர்ப்பக்கத்துச் சாலையிலிருந்து திரும்பிப் பார்க்க வேண்டும். உங்கள் மகள் அங்கிருந்து வரையட்டும். இந்தக் கோட்டை ஒருமுறையாவது கையால் போட்டுப் பார்த்தால்தான் எவ்வளவு துணிச்சலான கோடு என்று புரியும்.

இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மன் விமானிகளுக்கு வழிகாட்டிவிடும் என்று புல்கட்டியும் தழையும் போட்டு மூடியே வைத்தார்கள். போர் முடிந்து பிரித்து எடுத்தார்கள். இப்போது சமீபத்தில் வான்படங்களை ஒப்பிட்டுப் பார்த்ததில் தலையும் கழுத்தும் சில இடங்களில் பாதி அகலத்துக்குச் சுருங்கியிருந்தது தெரிந்து, 2024இல் ஓரத்துப் புல்லை வெட்டி எடுத்துப் பழைய அகலத்துக்குக் கொண்டுவந்தார்கள். நிறைய பேருக்கு வித்தியாசம் கண்ணில் படாது. எனக்குப் பட்டது, சந்தோஷமாக இருந்தது.

மேட்டின் உச்சியில் இரும்புக்கால மண்கோட்டை. கீழே டிராகன் ஹில் என்று தலை தட்டையான ஒரு சிறு குன்று; செயின்ட் ஜார்ஜ் டிராகனைக் கொன்றபோது ரத்தம் சிந்திய இடத்தில் புல் முளைப்பதில்லை என்பார்கள், அந்த வழுக்கையை இன்றும் பார்க்கலாம். ரிட்ஜ்வேயில் மேற்கே இரண்டு கிலோமீட்டர் நடந்தால் வேலண்ட்ஸ் ஸ்மிதி. பீச் மரங்களுக்கு நடுவே கல் அறைகள் கொண்ட ஈமமேடு, குதிரையைவிட இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் மூத்தது. வண்டி நிறுத்த நேஷனல் டிரஸ்ட் கட்டணம் உண்டு, உறுப்பினர் என்றால் இலவசம். காற்று பயங்கரமாக அடிக்கும், மே மாதமாக இருந்தாலும் ஜாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். குதிரைமேல் மட்டும் யாரும் நடக்க வேண்டாம்.

ஏப்ரலிலேயே கிளம்புவதாக இருந்தால் அதற்கு முன்னால் கிரிக்லேட் போய்விடுங்கள். ஸ்விண்டனுக்கு வடக்கே, நார்த் மெடோ. ஸ்நேக்ஸ் ஹெட் ஃப்ரிட்டிலரி என்று ஒரு பூ, தலைகீழாகத் தொங்கும் மணி, இதழ் முழுக்கச் சதுரங்கக் கட்டம் போட்ட ஊதா. பிரிட்டனில் காட்டுப் பூவாக வளர்வதில் மிகப் பெரும்பகுதி இந்த ஒரு புல்வெளியில்தான். காரணம் பழைய முறை: விதை உதிர்ந்த பிறகு ஜூலையில் வைக்கோலுக்கு அறுப்பு, ஆகஸ்ட் 12 முதல் ஊர் மாடுகள் மேய்ச்சல், குளிர்காலத்தில் ஆற்று வெள்ளம். யாருடைய பங்கு எதுவரை என்று எழுத்துப் பொறித்த கற்கள் இன்னும் புல்லுக்குள் நிற்கின்றன. 1930களுக்குப் பிறகு பிரிட்டன் தன் பூப்புல்வெளிகளில் 97 சதவீதத்தை இழந்துவிட்டது. மிச்சத்தில் ஒன்று இது. பூ இரண்டு மூன்று வாரம்தான் நிற்கும், ஏப்ரல் நடுவிலிருந்து பாருங்கள். பாதையை விட்டு இறங்காதீர்கள்.

ரெடிங் குமரன்

செல்வி அக்கா, மேகலா, ரொம்ப நன்றி. அக்கா எழுதியதை மகளுக்குப் படித்துக் காட்டினேன். "நாமும் சுத்தியல் பிடிக்கலாமா?" என்று அப்போதே ஆரம்பித்துவிட்டாள். சின்னப் பிள்ளைகளைச் சேர்ப்பார்களா? அப்புறம் மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வது? ரெடிங்கிலிருந்து ரொம்ப தூரம் இல்லாமல் கூரைக்குள் இருக்கிற மாதிரி ஏதாவது? பூச்சி, பறவை பக்கமும் யாராவது சொன்னால் நல்லது.

கல்பொறுக்கி

குமரன், ஒரு வார இறுதியைத் தெற்குக் கடற்கரையில் இருக்கும் லைம் ரீஜிஸ் ஊருக்கு ஒதுக்குங்கள். கண்ணாடிப் பெட்டி அலுத்துவிட்டது என்கிறீர்கள், இங்கே பிள்ளை தன் கையாலேயே எடுக்கலாம். ஏறத்தாழ 20 கோடி வருடத்துக்கு முந்தைய கடலடிச் சேறு, கல்லாகி, செங்குத்தான கரையாக நிற்கிறது. கடல் அதை அரித்துக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு சரிவிலும் புதிதாக அம்மோனைட் (சுருள் ஓடு கொண்ட பழங்காலக் கடல் உயிரின் புதைபடிவம்) கொட்டும். சிலது தங்க நிறத்தில், இரும்புச் சல்ஃபைடாக மாறி, ஒரு ரூபாய் அளவுக்குச் சுருண்டு கிடக்கும்.

மேரி ஆனிங் இந்த ஊர்தான். 1799இல் பிறந்தவர், தச்சர் மகள், பள்ளிப்படிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பன்னிரண்டு வயதுவாக்கில் அண்ணனோடு சேர்ந்து இக்தியோசார் என்ற மீன் போன்ற பழங்காலக் கடல் ஊர்வனவின் எலும்புக்கூட்டை வெளியே எடுத்தவர். 1823இல் நீண்ட கழுத்துள்ள கடல் ஊர்வனவான பிளீசியோசாரின் முழுமையான முதல் எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தார். அது லண்டன் நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியத்தில் இருக்கிறது, நீங்கள் அதன் முன்னால் நடந்தே போயிருப்பீர்கள். அவர் எடுத்த எலும்புகளை வைத்து ஆய்வுக் கட்டுரை எழுதியவர்கள் எல்லாம் கனவான்கள். பெண் என்பதால் ஜியலாஜிகல் சொசைட்டியில் அவருக்கு உறுப்பினர் இடம் கிடையாது. எனக்கு இன்றும் அது ஆறவில்லை.

தயவுசெய்து கவனிக்க வேண்டியது: கிளம்பும் முன் அலை நேரம் பாருங்கள். நீர் இறங்கிக்கொண்டிருக்கும்போது போய், ஏறத் தொடங்குவதற்குள் திரும்பிவிட வேண்டும். இல்லையென்றால் கரைக்கும் கடலுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். கரையடியில் நிற்காதீர்கள், வெயில் நாளில்கூடக் கல் விழும். செங்குத்துக் கரையைச் சுத்தியலால் தட்டாதீர்கள். மணலில் உதிர்ந்து கிடப்பதே போதும். பக்கத்து ஊர் சார்மத்தில் ஹெரிட்டேஜ் கோஸ்ட் சென்டர் இருக்கிறது, என்ன கண்டெடுத்தாலும் காட்டுங்கள், பொறுமையாகச் சொல்லித் தருவார்கள். அரிதான பொருள் என்றால் அங்கே பதிய வேண்டும் என்பது முறை.

ரயிலில் என்றால் பேசிங்ஸ்டோக்கில் மாறி ஆக்ஸ்மின்ஸ்டர், அங்கிருந்து பஸ்.

செல்வி (ஸ்விண்டன்)

கல்பொறுக்கி அண்ணா சொன்ன அலை விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள், தம்பி.

பிள்ளைகள் சுத்தியல் பிடிப்பதை நான் பார்த்திருக்கிறேன், பெரியவர் கூட இருக்க வேண்டும். தேதியும் வயது விவரமும் நேஷனல் டிரஸ்ட் பக்கத்தில் வரும். இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், வசந்தத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருங்கள்.

மழைக்கு ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியம். ரெடிங்கிலிருந்து ரயிலில் அரை மணி நேரம், அனுமதி இலவசம். 1860இல் திறந்த கட்டடம், கூரை முழுக்க இரும்பும் கண்ணாடியும். உள்ளே நுழைந்ததும் எலும்புக்கூடுகளைப் பார்க்காமல் தூண்களைப் பாருங்கள். ஒவ்வொரு தூணும் பிரிட்டிஷ் தீவுகளின் வெவ்வேறு கல். எந்தக் கல் என்று அடியில் பொறித்திருக்கும். தூண் தலையில் செதுக்கியிருக்கும் இலை, பூ எதுவும் கற்பனை இல்லை. அயர்லாந்திலிருந்து வந்த ஓஷே சகோதரர்கள் தாவரவியல் தோட்டத்திலிருந்து செடிகளைப் பச்சையாகக் கொண்டுவரச் செய்து, பார்த்துப் பார்த்துச் செதுக்கியவை. பணம் தீர்ந்து வேலை நின்றுபோனதால் சில இடங்கள் செதுக்காமலே இருக்கின்றன. மகளிடம் நோட்டைக் கொடுத்து, எது எந்தச் செடி என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். டார்வினின் கொள்கை பற்றி ஹக்ஸ்லிக்கும் பிஷப் வில்பர்ஃபோர்ஸுக்கும் 1860இல் வாதம் நடந்ததும் இந்தக் கட்டடத்தில்தான். அற்றுப்போன டோடோ பறவையின் தலையும் இங்கே இருக்கிறது.

பூச்சிக்கு: சாமர்செட்டில், ஸ்ட்ரீட் ஊருக்கு அருகே காலர்ட் ஹில். ஜூனில் போக வேண்டும். லார்ஜ் ப்ளூ என்ற வண்ணத்துப்பூச்சி. இதன் புழு மூன்று வாரம் காட்டுத் தைம் செடியில் வளர்ந்துவிட்டுக் கீழே விழும். ஒருவகைச் சிவப்பு எறும்பு அதைத் தன் குஞ்சு என்று நம்பிக் கூட்டுக்குத் தூக்கிப்போகும். உள்ளே போனதும் அது எறும்புக் குஞ்சுகளையே தின்று வளரும். இந்த வண்ணத்துப்பூச்சி 1979இல் பிரிட்டனில் அற்றுப்போனது. வேலி போட்டுப் பாதுகாத்தும் அழிந்தது ஏன் என்று புரியாமல் இருந்தபோது, பூச்சி ஆய்வாளர் ஜெரமி தாமஸ் கடைசியாக அது எஞ்சியிருந்த இடத்தில் வருடக்கணக்காக உட்கார்ந்து காரணத்தைக் கண்டுபிடித்தார். 1950களில் மிக்சோமடோசிஸ் நோயில் முயல்கள் செத்தன, மேய ஆள் இல்லாமல் புல் சில சென்டிமீட்டர் உயர்ந்தது, நிலம் நிழலாகிக் குளிர்ந்தது, அந்த ஒரு எறும்பு இடத்தைக் காலி செய்தது. வேலி போட்டது மேய்ச்சலையும் சேர்த்துத் தடுத்துவிட்டது! விடை தெரிந்ததும் மாடு விட்டு மேய்த்து, 1983இலிருந்து ஸ்வீடனிலிருந்து புழுக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். இப்போது நன்றாகப் பறக்கிறது. வெயில் மங்கினால் உட்கார்ந்துவிடும், தெளிவான நாளாகப் பார்த்துப் போங்கள்.

பறவைக்கு மறுபடியும் ஆக்ஸ்ஃபோர்டு மியூசியம்தான். அதன் கோபுரத்தில் உழவாரன் குருவிகள் கூடு கட்டுகின்றன. 1948இல் பறவையியலாளர் டேவிட் லாக் தொடங்கிய கணக்கெடுப்பு இன்றும் நடக்கிறது. எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு என்று வருடாவருடம் ஏணி ஏறிப் பார்த்து எழுதுகிறார்கள். கூட்டுக்குள் கேமரா உண்டு, வீட்டிலிருந்தே பார்க்கலாம். மே முதல் வாரம் வரும், ஆகஸ்டுக்குள் பெரும்பாலும் போய்விடும். மகளை ஜூனில் ஒரு மாலை, மழை இல்லாத நாளில், மியூசியத்துக்கு முன்னால் இருக்கிற புல்தரைக்குக் கூட்டிப்போங்கள். கோபுரத்தைச் சுற்றிக் கீச்சென்று கத்திக்கொண்டு கூட்டமாகப் பாயும்.